தறிக்கணக்கு வரைபடமாகட்டும்
கைத்தறிக் கணக்கெடுப்பின் விவரங்கள் தெருவாரியான வரைபடமாக மக்கள் பார்வைக்கு வர வேண்டும். 2019-20ஆம் ஆண்டின் நான்காவது கணக்கெடுப்பு நாடெங்கும் 35 லட்சத்துக்கும் அதிகமான கைத்தறித் தொழிலாளர்களைப் பதிவு செய்தது; ஆனால் அந்த எண்ணை வைத்துக்கொண்டு ஆரணியில் எந்தத் தெருவில் பட்டுத்தறி ஓய்ந்தது என்று சொல்லிவிட முடியாது. வரைபடத் தரவுகளின் பயன்பாட்டை ஊக்குவிக்கும் தேசியப் புவிசார் கொள்கை 2022லேயே வந்துவிட்டது, வரைபடம் தயாரிக்க உதவும் கியூஜிஐஎஸ் மென்பொருளுக்கோ கட்டணமே இல்லை. இனியும் சாக்குச் சொல்ல இடமில்லை. வரைபடம் மழைக்காலத்திலும் கைகொடுக்கும்: தரையில் குழி வெட்டி அமைக்கும் குழித்தறியில் மழைநீர் ஊறினால் நெசவு நின்றுபோகும். தாழ்வான பகுதிகளின் வரைபடத்தோடு தறிகளைப் பொருத்திப் பார்த்தால், உதவி முதலில் எங்கே போக வேண்டும் என்பது தெரியும். ஆனால் வரைபடத்தில் ஓய்ந்த தறிகளின் வெறும் எண்ணிக்கைக்கு நிறம் தீட்டினால் பெரிய தெருதான் பளிச்சிடும். நூறு தறிக்கு எத்தனை ஓய்ந்தன என்ற விகிதமே தேவை. நெசவாளர் பெயரும் கதவு எண்ணும் வரைபடத்தில் இடம்பெறக் கூடாது. கைத்தறித் துறை இதை ஆரணியிலிருந்தே, இந்த நிதியாண்டிலேயே தொடங்க வேண்டும்.