வடுவை மார்க்கம் என்னலாமா?

"காலம் நம்மைப் பின்தள்ளிவிட்டது" என்னும் பேச்சு நம் மேடைகளில் ஓயாது ஒலிக்கிறது. பறங்கியர் நம் கடலைப் பறித்தனர்; பாதிரிமார் பள்ளிக்கூடங்களைப் பிடித்தனர்; ஆகவே நாம் கல்வியில் பின்தங்கினோம் என்று காரணங்கள் அடுக்கப்படுகின்றன. காரணங்கள் பொய்யல்ல. ஆனால், அவற்றைச் சொல்லி முடித்ததும் கடமை தீர்ந்ததென எழுந்து போகிறோமே, அதுதான் தவறு.

நம் முன்னோர் பட்ட பாடு சிறிதன்று. பதினாறாம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் மலபாரிலும் சோழமண்டலக் கரையிலும் முஸ்லிம் வணிகத்தை நசுக்கினர். அக்கொடுமைகளை ஷெய்கு ஜைனுத்தீன் மக்தூம் 'துஹ்ஃபதுல் முஜாஹிதீன்' என்னும் அறபு நூலில் பதிந்துவைத்தார். நான்காம் குஞ்ஞாலி மரைக்கார் 1600ஆம் ஆண்டு கோவாவில் கொல்லப்பட்டார். இத்தகைய நினைவுகளைச் சுமந்த மக்கள், ஐரோப்பியரின் மொழியையும் பள்ளியையும் ஐயத்தோடு நோக்கியது இயல்பே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் மிஷனரிப் பள்ளிகளில், விவிலியப் பாடத்தோடு சேர்ந்தே வந்தது. "பிள்ளைக்குப் படிப்பு வரும், ஈமான் போய்விடுமே" என்று ஒரு தாய் அஞ்சினால், அவளை நகைக்க நமக்கு உரிமையில்லை.

நம் வழக்கு அந்த அச்சத்தோடு அன்று. அச்சத்தின் காரணம் அகன்ற பின்னும் அதைக் கட்டிக் காத்தவர்களோடுதான். ஒரு தலைமுறையின் எச்சரிக்கை மறு தலைமுறைக்கு வழக்கமாயிற்று. அதற்கடுத்த தலைமுறை அந்த வழக்கத்துக்கு மார்க்கம் என்றே பெயர் சூட்டிவிட்டது. காயம்பட்டவன் நொண்டுவதில் குற்றமில்லை. காயம் ஆறிய பின் பிள்ளைகளுக்கும் நொண்டக் கற்பித்தால் அதை என்னென்பது?

அனுபவம்தான் நடத்தையை முடிவு செய்கிறது என்பவர்கள் இலங்கையைப் பார்க்கட்டும். கண்டியில் 1838இல் பிறந்து வழக்கறிஞரான அறிஞர் சித்திலெப்பை, தம் சமூகத்தார் கொண்டிருந்த அதே அச்சத்தின் நடுவே வளர்ந்தவர். மிஷனரிப் பள்ளியில் ஆபத்து உண்டென்பதை அவரும் அறிவார். ஆனால் அதிலிருந்து அவர் கண்ட முடிவு வேறு. "பள்ளியே வேண்டாம்" என்று அவர் சொல்லவில்லை. நமக்கு நம் பள்ளி வேண்டும் என்றார். 1882இல் 'முஸ்லிம் நேசன்' இதழைத் தொடங்கி அதற்காகவே எழுதினார். எதிர்ப்பையும் ஏச்சையும் தாங்கினார். பெண் மக்களுக்கும் பாடசாலை அமைத்தார். வாப்பிச்சி மரைக்கார் போன்றோரின் துணையோடு 1892இல் கொழும்பு மருதானையில் எழுந்த பள்ளியே பின்னர் ஸாஹிராக் கல்லூரியாயிற்று. பட்ட அனுபவம் ஒன்று. அதிலிருந்து கதவைச் சாத்தியவரும் உண்டு, புதுக் கதவு வைத்தவரும் உண்டு. ஆகவே, பழியைக் காலத்தின் மேல் போட்டுவிட்டு நாம் தப்பிக்க முடியாது.

இதைவிடப் பெரிய சான்று நம் வரலாற்றின் தொடக்கத்திலேயே இருக்கிறது. மக்காவில் பதின்மூன்று ஆண்டுகள் துன்புறுத்தப்பட்டு, வீடு வாசல் இழந்து வந்தவர்கள் மதீனத்து முஹாஜிர்கள். 624ஆம் ஆண்டு பத்ருப் போரில், துன்புறுத்திய கூட்டத்தார் கைதிகளாகச் சிக்கினர். மீட்புத் தொகை தர இயலாத, எழுதப் படிக்கத் தெரிந்த கைதிகள், பத்துப் பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்தால் விடுதலை பெறலாம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஏற்பாடு செய்ததாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. பகைவனிடமும் தம் பிள்ளைகளைப் பாடம் கேட்க அமர்த்தினார்கள். அவர்களுடைய காயம் நம்முடையதைவிடச் சிறியதா?

இன்றைய நிலைக்கு வருவோம். 2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, தமிழக முஸ்லிம்களில் எழுத்தறிந்தோர் 82.9 விழுக்காடு, மாநிலச் சராசரியோ 73.5 தான். படிக்கும் திறன் நமக்கு இல்லை என்று எவரும் சொல்ல இயலாது. 1951இல் சென்னைப் புதுக்கல்லூரியும் திருச்சி ஜமால் முகம்மது கல்லூரியும் நிறுவப்பட்டன, 2007இல் 3.5 விழுக்காடு இட ஒதுக்கீடும் கிடைத்தது. இத்தனைக்குப் பின்னும் எத்தனையோ வீடுகளில் பழைய குரலே கேட்கிறது. "நான் எட்டாம் வகுப்போடு சபர் போனேன், சம்பாதிக்கவில்லையா?" என்கிறார் மகனிடம் ஒரு வாப்பா. அவர் கப்பலேறிய காலத்தில் கை உழைப்புக்குக் கிடைத்த இடம் இன்று சான்றிதழுக்கே கிடைக்கிறது என்பதை அவர் எண்ணிப் பார்ப்பதில்லை. "வயதுக்கு வந்த பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் எதற்கு?" என்கிறார் மகளைக் குறித்து.

நாகூர் சித்தி ஜுனைதா பேகம் மூன்றாம் வகுப்போடு நிறுத்தப்பட்டவர். அவர் 1938இல் 'காதலா கடமையா' என்னும் நாவலை வெளியிட்டார். "படிக்காமலே எழுதினாரே!" என்று இதையும் தமக்குச் சான்றாக்குவோர் உளர். சுவரேறிக் குதித்த ஒருவரைக் காட்டிச் சுவருக்குப் புகழ் பாடுவதா? உள்ளேயே அடங்கிப்போன ஜுனைதாக்கள் எத்தனை பேர் என்று யார் எண்ணி வைத்தார்கள்?

மகளின் மாற்றுச் சான்றிதழ் வாங்கப் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும் ஒவ்வொரு தந்தையும் தம்மையே கேட்டுக்கொள்ளட்டும்: "என்னை இதற்கு ஏவுவது மார்க்கமா, என் பாட்டனாரின் பயமா?" மார்க்கம் என்றால் ஆதாரம் காட்டட்டும். பயம் என்றால், அந்தப் பயத்துக்கு ஒரு பெண் தன் வாழ்நாள் முழுதும் விலை கொடுக்க வேண்டுமா?