முன்கதைச் சுருக்கம் எங்கே?

சித்திரக்கதைகளைப் பற்றி எழுதப் புகுந்தால், "இலக்கியப் பக்கத்தில் இதற்கென்ன வேலை?" என்று முகஞ்சுளிப்போர் இன்னும் உளர். அவர்களோடு வழக்காட இன்று நான் வரவில்லை. என் குறை வேறு.

கொஸ்லந்தவில் என்னிடம் புத்தகம் இரவல் வாங்கும் மாணவன் ஒருவன், லயத்துப் பிள்ளை, பல மாதங்களாகச் சேர்த்த காசைக் கொடுத்துப் பழைய கடையொன்றில் ஓர் ஆங்கிலத் தொகுப்பை வாங்கினான். நூலின் பெயர் 'சிவில் வோர்'. 2006, 2007ஆம் ஆண்டுகளில் மார்க் மில்லர் எழுத, ஸ்டீவ் மக்நிவன் வரைய, ஏழு இதழ்களாக வெளிவந்த கதை. முகமூடி வீரர் யாவரும் அரசாங்கத்திடம் தம்மைப் பதிந்துகொள்ள வேண்டுமென ஒரு சட்டம் பிறக்கிறது. ஏற்போரும் மறுப்போருமாக அவர்கள் பிரிந்து மோதுகின்றனர். 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தையும், அதன்பின் பதிவுக்காக அலைந்த பாட்டன்மாரையும் அறிந்த மலையகத்துப் பிள்ளைக்கு இக்கதை அந்நியமா?

இரண்டாம் நாளே வந்தான். "சேர், ஸ்பைடர்மேன் ஊரறிய முகமூடியைக் கழற்றுகிறானே, பிறகு அவன் வீட்டில் என்ன நடந்தது?" என்றான்.

அத்தொகுப்பில் அதற்கு விடை இல்லை. அவனை வளர்த்த மே மாமி துப்பாக்கிச் சூட்டுக்கு இரையாகி வீழ்வது அவன் பெயரில் வந்த தனி இதழின் 538ஆம் எண்ணில். சரணடைந்த கப்டன் அமெரிக்கா நீதிமன்றப் படிக்கட்டில் சுடப்படுவது அவனுடைய இதழின் 25ஆம் எண்ணில். சட்டத்தை ஏற்றவனும் எதிர்த்தவனும் என்ன விலை கொடுத்தனர் என்பதன்றோ கதையின் உயிர்! அந்த உயிர் வேறு புத்தகங்களிற் கிடக்கிறது.

மாதந்தோறும் வாங்கியவர்க்கு இத்துன்பம் குறைவு. எல்லா இதழ்களும் ஒரே காலத்தில், ஒரே கடைத் தட்டில் இருந்தன, மாறிமாறிப் படித்தனர். தொகுப்பாளரோ தலைப்புவாரியாகப் பிரித்துக் கட்டினார். தொகுத்தல் என்ற பெயரில் நிகழ்ந்தது பிரித்தலே.

கதைமாந்தர் ஒரு கதையிலிருந்து இன்னொன்றிற்குள் நடந்து வருவது குற்றமன்று. கல்கியின் 'பார்த்திபன் கனவு' 1941இல் தொடங்கியது. அதிலுள்ள நரசிம்மவர்மரின் இளமையைச் சொல்லும் 'சிவகாமியின் சபதம்' 1944இல் வந்தது. எதை முதலில் எடுத்தாலும் வாசகன் வழிதவறுவதில்லை. நம் தோட்டங்களில் விடிய விடிய ஆடும் அருச்சுனன் தபசும் பாரதத்தின் ஒரு கிளைதான். ஆனால் அடிமரம் சபையோர் நெஞ்சில் இருக்கிறது. அறியாச் சிறுவனுக்குப் பக்கத்திலிருக்கும் பாட்டி சொல்லிவிடுவாள். தனியே புத்தகத்தோடு இருப்பவனுக்கு அந்தப் பாட்டி யார்?

எல்லா இதழ்களையும் ஒன்றாகக் கட்டினால் நூல் தலையணையாகும், விலையும் ஏறும் என்பர். உண்மைதான். நான் அதைக் கேட்கவில்லை. நம் வார இதழ்கள் தொடர்கதைக்குத் தலைமாட்டில் நாலு வரி 'முன்கதைச் சுருக்கம்' போட்டனவே, அதைத்தான் கேட்கிறேன். விடுபட்டது எது, அது எங்கே கிடைக்கும் என்று சொல்ல ஒரு பக்கம் போதாதா? காசு கொடுத்து வாங்கியவனுக்கு அது சலுகையன்று, உரிமை.

எனக்குத் தெரிந்த மட்டில் விடுபட்டவற்றை எழுதி, பையனின் புத்தகத்துப் பின்னட்டையின் உட்புறம் ஒட்டிக் கொடுத்தேன். ஒன்றரைப் பக்கந்தான் வந்தது.