மான் கொம்புப் பிடி போட்ட கத்தி: ஆசைப்பட்டு வாங்கினால் கேஸ் வருமா?

ஜெர்மனியில் வேலை பார்க்கும் நண்பர் லீவுக்கு ஊருக்கு வருகிறார். "உனக்கு என்னடா வாங்கிட்டு வரட்டும்?" என்று வாட்ஸ்அப்பில் கேட்கிறார். யூடியூபில் பார்த்து ஆசைப்பட்ட சோலிங்கன் வேட்டைக் கத்திதான் உடனே ஞாபகம் வருகிறது. சொரசொரப்பான மான் கொம்பில் பிடி போட்டது. பழைய கத்திகளைச் சேகரிப்பவர்கள் தேடி வாங்கும் ரகம்.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் பொருள் இது. இந்தியாவில் நிலைமை வேறு. இங்கே முதல் சிக்கல் அலகில் இல்லை, பிடியில்தான் இருக்கிறது.

மான் கொம்பில் அப்படி என்ன விசேஷம்?

மாட்டுக் கொம்பும் மான் கொம்பும் ஒன்றல்ல. மாட்டுக் கொம்பின் வெளி உறை நம் நகத்தைப் போல கெரட்டினால் ஆனது, அது உதிராது. மான் கொம்பு முழுக்க எலும்பு. பொதுவாக ஆண்டுக்கு ஒருமுறை உதிர்ந்து மறுபடி முளைக்கும். (வெளிமானுக்கு இருப்பது உதிராத கொம்பு. பெயரில்தான் அது மான்.)

எலும்பு என்பதால் உறுதி அதிகம். மேல்பரப்பு கரடுமுரடாக இருப்பதால், கை ஈரமாக இருந்தாலும் வழுக்காது. ஒரு பிடி போல இன்னொன்று இருக்காது. சேகரிப்பவர்களை இழுப்பது இதுதான். அதிலும் கடமான் கொம்புக்குத் தனி மவுசு. தென்மாவட்டங்களில் மிளா என்கிறோமே, அதேதான். மற்ற மான்களின் கொம்பில் நடுவே பஞ்சு போன்ற பகுதி அதிகம். கடமான் கொம்பு நல்ல கெட்டி.

இந்தியாவுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

இங்கிலாந்தின் ஷெஃபீல்டு, ஜெர்மனியின் சோலிங்கன் ஆகிய கத்தி நகரங்களுக்கு நீண்ட காலம் கடமான் கொம்பு போனது இந்தியக் காடுகளிலிருந்துதான். 1990களின் இறுதியில் இந்திய அரசு ஏற்றுமதியை நிறுத்தியது. வெளிநாட்டுத் தயாரிப்பாளர்கள் பழைய இருப்பையும் வேறு மான்களின் கொம்பையும் நம்ப வேண்டியதாயிற்று. பழைய கடமான் பிடிக் கத்திகளுக்கு இன்று கூடுதல் விலை கேட்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தானாக உதிர்ந்த கொம்புதானே, அதற்கு ஏன் தடை?

நியாயமான கேள்விதான். காட்டில் பொறுக்கி விற்பது காட்டோரக் குடும்பங்களுக்கு ஒரு வருமானமாகவும் இருந்தது. ஆனால், முழுக் கொம்பாக இருந்தால் அடிப்பகுதியைப் பார்த்து உதிர்ந்ததா, வெட்டியதா என்று சொல்லிவிடலாம். அறுத்து, தேய்த்து, பிடியாக மாட்டிய பிறகு? கண்டுபிடிக்கவே முடியாது. பொறுக்கியதற்கு நல்ல விலை கிடைத்தால், சுட்டு எடுத்ததும் அதே சந்தைக்குத்தான் வரும். கடமான் இன்று ஐ.யு.சி.என். பட்டியலில் 'அழியும் வாய்ப்புள்ள' இனம்.

இன்னொன்றும் உண்டு. கீழே விழுந்த கொம்பு காட்டுக்கு வீண் இல்லை. முள்ளம்பன்றிகளும் மான்களுமே அதைக் கடித்துத் தின்கின்றன. கால்சியம், பாஸ்பரஸ் இரண்டும் அவற்றுக்கு அதிலிருந்து கிடைக்கின்றன.

சட்டம் என்ன சொல்கிறது?

1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் கடமான், புள்ளிமான் இரண்டுமே பாதுகாக்கப்பட்டவை. 'ட்ராஃபி' என்பதன் விளக்கத்திலேயே மான் கொம்பு இடம்பெற்றிருக்கிறது. 2022 திருத்தத்தின்படி, பொதுவான குற்றங்களுக்கு 3 ஆண்டு வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முதல் அட்டவணை விலங்கு என்றால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. ஆன்லைனில் 'ஆன்டிக்' என்று போட்டு விற்றாலும் விதி மாறாது.

வெளிநாட்டு மான் என்றால் தப்பிக்கலாமா?

ஐரோப்பியச் செம்மான் கொம்பு என்று பில்லில் இருக்கலாம். ஆனால், பிடியைப் பார்த்தே அது எந்த மான் என்று கஸ்டம்ஸ் அதிகாரியால் சொல்ல முடியாது. சந்தேகம் வந்தால் பொருளை நிறுத்திவைத்து, டி.என்.ஏ. சோதனைக்கு அனுப்பலாம். டேராடூன் இந்திய வன உயிரின நிறுவனம் போன்ற இடங்களில் அந்த வசதி உண்டு. கத்தி பழையது என்றால் குழப்பம் இன்னும் கூடும். ஜெர்மனியில் செய்ததாக இருந்தாலும், பிடி இந்தியக் கடமானாகவே இருக்கலாம்!

அலகுக்கும் விதி இருக்கிறது. 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ, 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ இருந்தால் ஆயுத விதிகளில் தனி வகை. வீடு, விவசாயம் போன்ற வேலைகளுக்கான கத்திகளுக்கு விலக்கு உண்டு. விமானத்தில் இப்படிப்பட்ட வேட்டைக் கத்தி கைப்பையில் வரக் கூடாது.

தாத்தா காலத்துக் கத்தி வீட்டில் இருந்தால்?

பரணில் அப்படி ஒன்று கிடந்தால், முதலில் உரிமைச் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். கணக்கில் வராத வன உயிரினப் பொருட்களை அறிவிக்க 2003-ல் 180 நாள் அவகாசம் கொடுக்கப்பட்டது. அப்போது வீட்டில் யாராவது பதிவு செய்திருக்கலாம். சான்றிதழ் உள்ள பொருள் வாரிசாக வந்தால், 90 நாட்களுக்குள் வனத்துறையிடம் தெரிவிக்க வேண்டும். வைத்துக்கொள்ள விருப்பம் இல்லையா? 2022 திருத்தப்படி ஒப்படைத்துவிடலாம்; இழப்பீடு கிடையாது. சான்றிதழே இல்லை என்றால் விற்க முயல வேண்டாம், இன்ஸ்டாவில் படம் போடவும் வேண்டாம். ஒரு வழக்கறிஞரைக் கேட்டுவிட்டு வனத்துறையை அணுகுவதே நல்லது.

அப்போ கத்தி சேகரிக்கவே முடியாதா?

தாராளமாக முடியும். மரம், பித்தளை, எருமைக் கொம்பு, மைக்கார்ட்டா என்று பிடிகளில் எத்தனையோ வகை. மான் கொம்பு மாதிரியே செதுக்கிச் சாயமேற்றிய மாட்டெலும்புப் பிடிகளும் உண்டு. பழைய கத்திகளில் அவற்றுக்கென்றே தனி ரசிகர்கள் இருக்கிறார்கள். வெளிநாட்டு நண்பரிடம் கேட்பதாக இருந்தால், "பிடி எதுல செஞ்சதுன்னு பில்லில் எழுதி வாங்கிட்டு வா" என்று சொல்லிவிடுங்கள். மான் கொம்பு என்று எழுதியிருந்தால், அந்தக் கத்தி ஜெர்மனியிலேயே இருக்கட்டும்.