வேலியோரச் செவ்வந்தி பாத்திக்கு வரட்டும்

எமது கிராமங்களிலே செவ்வந்திக்கு ஒதுக்கப்பட்ட இடம் முற்றத்தின் ஓரம், வேலியடி, கிணற்றடி. சுவாமி படத்துக்கும் கல்லறைக்கும் பூக் கொடுப்பதோடு அதன் பணி முடிந்து விடுகிறது என்றே பலரும் எண்ணுகின்றோம். துலுக்கச் செவ்வந்தி என்று சொல்லப்படும் இச்செடியை மரக்கறிப் பாத்திக்குள் கொண்டுவர வேண்டும், அதுவும் நாமே சேகரித்த விதையிலிருந்து வளர்க்க வேண்டும் என்பதே எமது கருத்தாகும்.

இதற்கான காரணம் மண்ணுக்குள் இருக்கிறது. ஒரே பாத்தியில் தொடர்ந்து கத்தரி, தக்காளி, வெண்டி நடும் வீடுகளில் செடிகள் வளர்ச்சி குன்றி, வெயிலேறச் சோர்ந்து நிற்பதுண்டு. பிடுங்கிப் பார்த்தால் வேரெல்லாம் முடிச்சாக இருக்கும். இது நெமற்றோட்டு எனப்படும், கண்ணுக்குத் தெரியாத வட்டப்புழுக்களின் வேலை. உடனே நாம் நஞ்சு மருந்தைத் தேடுகிறோம். யாழ்ப்பாணக் குடாநாட்டிலோ மெல்லிய செம்மண்ணுக்குக் கீழே சுண்ணக்கல்; மேலே இடுவது கீழே இறங்கும். அங்குள்ள விவசாயப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அளவுக்கு மிஞ்சி இருப்பதை ஆய்வாளர்கள் முன்னரே கண்டுள்ளனர். பாத்திக்கு இறைப்பதும் பிள்ளைகள் குடிப்பதும் ஒரே கிணற்று நீர்தான்.

செவ்வந்தி வேரில் உள்ள கந்தகம் சேர்ந்த ஒரு பொருள் இப்புழுக்களைக் கொல்லக்கூடியது. ஆனால் நாலு கத்தரிக்கு ஒரு செவ்வந்தி என்று நட்டுவிட்டுப் பலனை எதிர்பார்ப்பது வீண். ஏழு அங்குல இடைவெளிக்கு மேற்படாமல் பாத்தி முழுவதும் நெருக்கமாக நட்டு, குறைந்தது இரண்டு மாதம் விடவேண்டும். புழு களையிலும் வாழும் ஆதலால் களை முளைக்க இடங்கொடுக்கக் கூடாது. அதன் பின்னரே அப்பாத்தியில் மரக்கறி.

“இரண்டு மாதம் பாத்தியைப் பூவுக்கு விட்டால் கறிக்கு என்ன செய்வது?” என்று சிலர் கேட்பர். நியாயமான கேள்விதான். நான்கு பாத்தி உள்ளவர் ஒவ்வொரு போகத்துக்கும் ஒன்றை மாற்றி மாற்றி விடலாம். ஒருமுறை நட்டதன் பலன் நெடுநாள் நிற்பதில்லை ஆகையால் இச்சுழற்சி அவசியமும்கூட. பூ வேறு மிச்சம்.

பத்தடி நீளமும் மூன்றடி அகலமும் உள்ள பாத்திக்கு ஏறத்தாழ 90 நாற்று வேண்டும். இவ்வளவுக்கும் கடையில் விதைப் பைக்கற்று வாங்கக் கட்டுமா? கலப்பின விதையாயின் அதன் பிள்ளைகள் தாயைப்போல் வருவதுமில்லை. எனவே நாட்டுச் செவ்வந்தியில் நோயற்ற, நன்றாகக் கிளைத்த செடிகளைத் தெரிந்து, சில பூக்களைப் பறிக்காமல் விடுங்கள். காம்பு வரை காய்ந்ததும் எடுத்து, நிழலில் உலர்த்தி, ஈரமற்ற போத்தலில் மூடிவையுங்கள். கறுப்பு உடலும் வைக்கோல் நிற நுனியும் கொண்ட ஊசி போன்றவையே விதைகள். நன்கு காய்த்த ஒரு பூவில் பல பத்து விதைகள் கிடைக்கும். அடுத்த ஆண்டே விதைப்பது நல்லது. நாட்பட முளைதிறன் குறையும்.

மழைநீர் தேங்காத உயர்ந்த நாற்றுமேடையில் கால் அங்குல ஆழத்தில் விதைத்து, பூவாளியால் நீர் தெளித்தால் ஒரு வாரத்துள் முளைக்கும். மூன்று, நான்கு வாரத்தில் நாற்றை நடலாம். விதைத்து இரண்டு மாதமளவில் பூக்கும். தைப்பொங்கலுக்குப் பூ வேண்டுவோர் ஐப்பசிக் கடைசிக்குள் விதைக்க வேண்டும்.

2021ஆம் ஆண்டு இரசாயனப் பசளைக்கும் கிருமிநாசினிக்கும் இறக்குமதித் தடை வந்தபோது, கடையை மாத்திரம் நம்பியிருந்த கமக்காரர் கைபிசைந்து நின்றதை மறந்துவிட முடியாது. தடை நீங்கிவிட்டது, நமது நிலை மாறிவிட்டதா? செவ்வந்தி எல்லா நோய்க்கும் மருந்தல்ல. ஆயினும் காசின்றிக் கைக்கெட்டும் மருந்து ஒன்று வேலியோரத்தில் நிற்கும்போது, கிணற்றுக்குள் நஞ்சு இறங்க நாமே வழிவிடலாகாது. மாதர் சங்கங்கள் தமது அடுத்த கூட்டத்தில் ஒரு பிடி செவ்வந்தி விதையைப் பகிர்ந்து இதனைத் தொடக்கி வைக்கலாம்.