குளக்கட்டும் கைத்தொலைபேசியும்

2021ஆம் ஆண்டு. கொரோனா நோயின் காரணமாகப் பாடசாலைகள் பூட்டப்பட்டு, ஆசிரியராகிய நாம் வீட்டு விறாந்தையிலிருந்து கைத்தொலைபேசிக்குள் பாடம் நடத்திக்கொண்டிருந்த காலம். பின்னேர வகுப்பிலே ஒரு மாணவி. பாடம் தொடங்கிப் பத்து நிமிடத்தில் மறைவாள், மீண்டும் தோன்றுவாள், மீண்டும் மறைவாள். வினாத் தொடுத்தால் விடை வராது. மூன்றாம் நாள் நமக்குப் பொறுமை போயிற்று. “படிக்க மனமில்லாதவர்கள் வந்து வந்து போக வேண்டாம்” என்று வகுப்பு முழுவதும் கேட்கச் சொல்லிவிட்டோம். அன்றிரவே அவளுடைய தாயார் அழைத்தார்.

“சேர், பிள்ளையைக் கோபிக்காதேங்கோ. வீட்டுக்குள்ள கவரேஜ் இல்லை. குளக்கட்டில போயிருந்துதான் படிக்கிறாள். பொழுதுபட்டால் யானை இறங்கும். அதுதான் இடையில எழும்பி ஓடி வந்திடுறாள்.”

நாம் மறுமொழி கூற இயலாது நின்றோம். பயணத்தடை தளர்ந்த பின்னர், ஒட்டுசுட்டானுக்கும் அப்பால் உள்ள அந்தச் சிற்றூருக்கு ஒரு நாள் சென்றோம். குளக்கட்டின் மேலே, மர நிழலுக்கு ஒருவராகப் பிள்ளைகள் அமர்ந்திருந்தனர். ஒருவன் குடையை நிலத்தில் ஊன்றி அதன் கீழே கொப்பியை விரித்திருந்தான். அவ்வாண்டிலேயே, மலையகப் பக்கத்தில் போகிட்டியாவ என்னும் ஊரின் பிள்ளைகளும் ஆசிரியர்களும் காட்டு வழியே மலையேறிச் சென்று அலை தேடிய செய்தி உலகப் பத்திரிகைகளில் வெளிவந்தது. அவர்களுக்கு மலை, நம்மவர்க்குக் குளக்கட்டு. வேறுபாடு அவ்வளவே.

குளக்கட்டிலே கிடைப்பது வீட்டிலே கிடையாததன் காரணம் யாது? கைத்தொலைபேசி என்பது உண்மையில் ஒரு சிறு வானொலி நிலையம். கோபுரத்திலிருந்து வரும் அலையை வாங்குவதோடு, தானும் அலையை அனுப்புகிறது. வெட்டவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் அலையின் வலிமை நான்கில் ஒரு பங்காகும். நிலத்தையொட்டியும் மரச்செறிவினூடும் வரும் அலையோ, பதினாறில் ஒரு பங்குவரைகூடத் தேய்ந்துவிடும். பாலையும் வீரையும் முதிரையும் செறிந்த காட்டிலே இலைகளுக்குள் இருப்பது நீர். நீர் இவ்வலையை உண்ணும். மாரியில் இலை நனைந்திருக்கையில் கவரேஜ் மேலும் குன்றுவது இதனாலேயே. குளக்கட்டு நிலத்தினின்று உயர்ந்தது. அதன் ஒரு பக்கம் மரமற்ற நீர்ப்பரப்பு. அலைக்கு அங்கே ஒரு வாசல் திறக்கிறது.

இனி வீட்டைப் பாருங்கள். தகரக் கூரை அலையைத் திருப்பிவிடும். சீமெந்துச் சுவர் ஒரு பகுதியைக் குடித்துவிடும். தகரக் கொட்டிலின் நடுவே நின்று “ஹலோ, ஹலோ” என்று உரத்துக் கத்துவோரை நாம் அடிக்கடி காண்கிறோம். தொண்டை வலிப்பதன்றி அதனாற் பயனில்லை. கோபுரம் இருக்கும் திசையை அறிந்து, அத்திசையை நோக்கிய யன்னலருகிலோ முற்றத்திலோ நிற்பதே முதல் வைத்தியம்.

ஒரு வேடிக்கையும் உண்டு. நேரே வரும் அலையும், சுவரிலும் மரத்திலும் பட்டுத் தெறித்து வரும் அலையும் ஓரிடத்திற் சந்திக்கும்போது ஒன்றையொன்று அழித்துவிடக்கூடும். 900 மெகாஹேட்ஸ் அலையின் நீளம் சுமார் 33 சென்ரிமீற்றர். 1800இன் நீளம் அதிற் பாதி. ஆகவே அழிந்த இடத்துக்கும் வலுத்த இடத்துக்கும் இடையிலுள்ள தூரம் பல வேளைகளில் ஒரு சாணுக்கும் குறைவு. “இந்த மேசையில வராது, அந்த மூலையில வரும்” என்று வீட்டுப் பெண்கள் சொல்வதைக் கேட்டுச் சிரிக்கும் ஆண்கள் இதனைக் கவனிக்க. அவர்கள் சொல்வது சுத்த விஞ்ஞானம்.

தொலைபேசியின் தலையிலே தெரியும் கோடுகளை மட்டும் நம்ப வேண்டாம். எத்தனை வலிமைக்கு எத்தனை கோடு என்பது அதனைச் செய்த கம்பனியின் விருப்பம். பெரும்பாலான தொலைபேசிகளில், அமைப்புகளுக்குள்ளே சிம் அட்டையின் நிலையைக் காட்டும் பகுதியில் ஓர் எண் இருக்கும். அது கழித்தற் குறியோடு வரும். 4ஜி அலைக்குக் கழித்தல் 90 நன்று, 110 நலிவு, 120ஐத் தாண்டினால் ஏறக்குறைய ஒன்றுமில்லை. எண்ணிலே 10 குறைந்தால் வலிமை பத்து மடங்கு கூடிற்று என்று கொள்க. இந்த எண்ணைப் பார்த்தபடி வீட்டைச் சுற்றி ஒரு முறை நடந்து வாருங்கள். எந்தத் தூணடியில், எந்த உயரத்தில் எண் நன்றாக வருகிறதோ அங்கே ஓர் ஆணியடித்து, தொலைபேசியை ஒரு பையிலிட்டுத் தொங்கவிட்டு, அதன் இணையத்தைப் பகிரும் வசதியைத் திறந்துவிட்டால், வீட்டினுள்ளிருக்கும் பிள்ளை மற்றொரு தொலைபேசியிலோ கணினியிலோ அதனைப் பெறலாம். ஒரு சதமும் செலவில்லை. பேசுவது மட்டுமே தேவையாயின், 4ஜியில் தடுமாறும் தொலைபேசியை 2ஜிக்கு மாற்றிப் பார்ப்பதும் பல இடங்களிற் கைகொடுக்கும். அலை நலிந்த ஊரில் மின்கலம் விரைவில் இறங்குவது ஏன் என்று கேட்போருக்கும் இங்கே விடை கூறிவிடலாம்: தூரத்துக் கோபுரத்தை எட்டுவதற்காகத் தொலைபேசி தன் முழுப் பலத்தோடும் அலையை வீசுகிறது.

வன்னியிலே நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு அலை பிடிக்கும் வித்தை புதிதன்று. 1990களில் மின்சாரமும் இல்லை, பற்றறியும் தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையாற் சுற்றி, டைனமோவின் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்ட மக்கள் நாம். அதற்கு முந்திய 1980களில், கொடைக்கானற் கோபுரத்தின் தொலைக்காட்சியைப் பிடிப்பதற்காக வடபகுதி வீடுகளில் நெடிய குழாய்களின் உச்சியிலே அன்ரனாக்கள் நின்றன. ஒருவர் கூரையருகே நின்று குழாயைத் திருப்ப, மற்றொருவர் உள்ளிருந்து “வருது, வருது, போட்டுது!” என்று கூவுவார். அந்த மீன்முள் வடிவ அன்ரனா, 1926ஆம் ஆண்டளவில் யப்பானிலே யாகி, ஊடா என்னும் இரு அறிஞர் ஆக்கியது. அதன் சிறிய உருவமே இன்று கைத்தொலைபேசி அலைக்கும் உதவுகின்றது. வெளி அன்ரனா பொருத்தும் துளையுள்ள 4ஜி ரவுட்டர் ஒன்றை வாங்கி, அந்த அலைக்குரிய அன்ரனாவைக் குழாயின் உச்சியிற் கட்டி, கோபுரத்தை நோக்கித் திருப்பிவிட வேண்டும். வயரைக் குறுகியதாக வைத்துக்கொள்க. நீண்ட வயரிலேயே அலை பாதி செத்துவிடும். இடி முழக்கம் கேட்டால் கழற்றி வைக்கவும்.

சந்தையிலே “பூஸ்ரர்” என்று ஒரு பெட்டி விற்கிறார்கள். மலிவு, வாங்க வேண்டாம். அனுமதியின்றி அலை வீசும் கருவியை வைத்திருப்பது நமது நாட்டுச் சட்டத்துக்கு மாறு. அஃதன்றியும், இத்தகைய மலிவான பெட்டி தன் குரலைத் தானே கேட்டு ஊளையிடத் தொடங்கினால் கோபுரத்தின் காது அடைத்துவிடும். ஒரு வீட்டுக்குக் கவரேஜ் தேடப்போய், ஊர் முழுவதற்கும் இல்லாமற் போகும்.

எந்த நிறுவனத்தின் சிம் நல்லது என்று பலரும் வினவுகின்றனர். டயலொக், மொபிட்டெல், ஹட்ச் என இன்று மூன்று உண்டு. கிளிநொச்சி நகரத்தில் எது நன்றாக எடுக்கிறது என்பது உங்கள் ஊருக்கு விடையாகாது. உறவினருடைய சிம்மை ஒரு நாள் இரவல் வாங்கி உங்கள் முற்றத்திலே பரிசோதியுங்கள். இரண்டு சிம் போடும் தொலைபேசியாயின் இரண்டு நிறுவனத்ததையும் வைத்துக்கொள்ளலாம்.

நிற்க. வீட்டார் செய்யக்கூடியதற்கு ஓர் எல்லை உண்டு. கோபுரமே இல்லாத இடத்தில் அன்ரனா எதைப் பிடிக்கும்? தென்னாசியாவிலேயே முதன்முதலாகக் கைத்தொலைபேசிச் சேவையைக் கண்ட நாடு இலங்கை, ஆண்டு 1989. வன்னியின் பெரும்பகுதியோ, 2009இல் போர் முடிந்த பின்னரே அதனைக் கண்டது. இருபது ஆண்டு பிந்தினோம். போர் போனபின் தடையாய் நிற்பது கணக்கு. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி முல்லைத்தீவு மாவட்டத்தில் இருந்தோர் சுமார் 92,000 பேர். ஒரு சதுரக் கிலோமீற்றருக்கு நாற்பது பேர்கூட இல்லை. கொழும்பு மாவட்டத்திலோ மூவாயிரத்துக்கும் மேல். ஒரே விலைக்கு ஒரு கோபுரம் எழுப்புகிறவன் எங்கே எழுப்புவான் என்று சொல்ல வேண்டியதில்லை. இலாபக் கணக்குக்கு அப்பாற்பட்டுக் கேட்க வேண்டிய இடம் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு. அதன் முறைப்பாட்டு இலக்கம் 1900. தனியொருவர் “கவரேஜ் இல்லை” என்று குறைகூறுவதிலும், கிராம அபிவிருத்திச் சங்கமோ பாடசாலையோ எந்த வீதியில் எந்த எண் வருகிறது, எத்தனை குடும்பம், எத்தனை மாணவர் என்று அட்டவணையிட்டு, பிரதேச செயலகத்தின் வழியாக அனுப்புவது எடுபடும். செய்மதி வழியாக வரும் ஸ்டார்லிங்க் சேவையும் 2025 ஜூலையில் இலங்கையிலே தொடங்கிவிட்டது. அதன் விலை ஒரு விவசாயக் குடும்பத்துக்கு எட்டாதது. ஆயினும் வெளிநாட்டிலுள்ள ஊரவர் மனம்வைத்தால் ஒரு சனசமூக நிலையத்துக்கு எட்டாததன்று. கோயிற் கோபுரத்துக்கு வர்ணம் பூச அனுப்பும் பணத்தில் ஒரு சிறு பங்கு போதும் என்று சொன்னால் சிலர் நம்மைக் கோபிப்பர். கோபிக்கட்டும்.

அந்தச் சிற்றூருக்குத் திரும்புவோம். நாம் சென்றிருந்த அந்த ஆண்டின் மாரியிலே, வயற் காவலுக்குப் படுத்திருந்த ஒருவரைக் கண்ணாடிப் புடையன் தீண்டிற்று. 1990 என்னும் இலக்கத்துக்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். வடக்குக்கு அச்சேவை 2018இல் வந்துவிட்டது. ஆனால் அழைப்பு எடுபட வேண்டுமே! மகன் தொலைபேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு இருளிலே வீதிப் பக்கமாக ஓடினான். குளக்கட்டோ மறுபக்கம். அரை மணி நேரம் வீணாயிற்று. தகப்பனார் பிழைத்தார், சிறுநீரகம் பழுதுபட்டு நெடுநாள் வைத்தியசாலையிற் கிடந்தார். குளக்கட்டில் அலை உண்டென்பது ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. வயலிலே கிடந்த அவ்விருவருக்கும் தெரியாது. ஒரே ஊர்.

இதனைக் கேட்ட பின்னரே நம்முடைய மாணவர் சிலர் அவ்வூரில் ஒரு வேலை செய்தனர். இரண்டு விடுமுறை நாட்களில், எண்ணைப் பார்த்துக்கொண்டே வீதி, வயல், குளம் எங்கும் நடந்தனர். அழைப்பு எடுபடும் இடங்கள் நான்கு கிடைத்தன. அவற்றுள் ஒன்று, மகன் ஓடிய வழியிலிருந்து கூப்பிடு தூரத்திலேயே, ஒரு மதகுக்கு மேல். நான்கிலும் கல் நட்டு, இருளிலும் தெரியுமாறு வெள்ளையடித்தனர். பேச்சு எடுபடாவிடினும் குறுஞ்செய்தி போய்ச் சேரும் இடங்கள் மேலும் இரண்டு. அவற்றுக்கு மரத்திலே வெள்ளைக் கோடு. குறுஞ்செய்திக்கு ஒரு நொடி அலை கிடைத்தாலும் போதும். பேச்சுக்கு அது போதாது. வேலை முழுவதற்கும் முன்னின்றவள், நாம் 2021இல் ஏசிய அந்த மாணவியே. எந்தக் கிளையடியில் எந்த நேரத்தில் அலை வரும் என்பது அவளுக்கு மனப்பாடம்.

வயலோரத்துக் கல்லொன்றைச் சென்ற மாதம் யானை முதுகு சொறியப்போய்ச் சாய்த்துவிட்டதாம். மாரிக்கு முன்னர் அதனை மீண்டும் நாட்டி, நான்கிற்கும் ஒரு முறை சுண்ணாம்பு பூச வேண்டும் என்று நமக்குச் சொல்லியனுப்பியிருக்கிறாள். அடுத்த ஞாயிறு போகிறோம்.