வட்டிக் குறைப்பு வங்காலைக் கரைக்கு வரவில்லை

இலங்கை மத்திய வங்கி வட்டியைக் குறைத்தால் தொழில் தானாக வளரும் என்ற நம்பிக்கை நம்மிடையே வேரூன்றிவிட்டது. கொள்கை வீதம் இறங்கினால் வங்கிகள் கடன் கொடுக்கும், முதலீடு பெருகும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். மன்னார் மாவட்டத்தின் வங்காலைக் கரையில் மீன்பிடித் தொழில் செய்பவர்களைப் பொறுத்தவரை இது பொய்.

2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியது. அந்த ஆண்டு செப்ரெம்பரில் கொழும்பின் பணவீக்கம் 69.8 சதவீதத்தைத் தொட்டது. வட்டியை உயர்த்தியது தவறென்று நான் வாதாட வரவில்லை. 2023 யூனிலிருந்து வீதங்கள் இறங்கத் தொடங்கின. 2025 மே மாதத்தில் ஓரிரவுக் கொள்கை வீதம் 7.75 சதவீதம். வங்கியில் மேலதிகப் பற்று வைத்திருக்கும் கொழும்புக் கம்பனிக்கு இது மெய்யான ஆறுதல். அதன் வட்டி சந்தை வீதத்தோடு சேர்ந்தே இறங்கும். ஒத்திவைத்த இயந்திரத்தை அது வாங்கலாம், களஞ்சியத்தைப் பெருப்பிக்கலாம்.

இங்கே சிறு படகுக்காரரின் வங்கி, மீன் வாங்கும் முதலாளிதான். எஞ்சின் பழுதானாலும் வலை அறுந்தாலும் முற்பணம் தருபவர் அவர். வட்டி என்ற பேச்சே எழாது. பிடித்த மீனை அவருக்கே, அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டும். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். முற்பணம் 5 இலட்சம் ரூபா. சந்தை விலையிலிருந்து கிலோவுக்கு 50 ரூபா குறைப்பு. நாளொன்றுக்கு 20 கிலோ. ஆண்டில் 200 நாள் தொழில். போனது 2 இலட்சம் ரூபா, அதாவது 40 சதவீத வட்டி. முதல் அப்படியே நிற்கிறது. மத்திய வங்கி எத்தனை முறை வீதத்தைக் குறைத்தாலும் அந்த 50 ரூபா அசையாது.

2022 ஓகஸ்டில் படகுக்கு ஊற்றும் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. கடலுக்குப் போகும் செலவு பல மடங்காகிய அதே மாதங்களில் திறைசேரி உண்டியல்கள் 30 சதவீதம் அளவில் வட்டி கொடுத்தன. ஆபத்தில்லாமல் அரசிடம் அவ்வளவு கிடைக்கும்போது எந்த வங்கி மீனவரைத் தேடி வரும்? செலவுக்கு வழியில்லாதவர் முதலாளியிடமே மேலும் கைநீட்டினார். அன்று ஏறிய கடன், வீதம் இறங்கியதும் கரைந்துவிடாது.

“மீனவர் கடனைத் திருப்பிக் கட்டமாட்டார்” என்ற பேச்சு, வட்டிக் குறைப்பு பற்றிய நம்பிக்கையைவிட மோசமானது. நாள்தோறும் மீனாகக் கட்டிக்கொண்டிருப்பவரைப் பார்த்து இப்படிச் சொல்ல எப்படி மனம் வருகிறது? சோளகக் காற்றில் கடல் கொந்தளிக்கும் மாதத்திலும் மற்ற மாதங்களைப் போலவே தவணை கேட்பது வங்கியின் குறை. காணி உறுதி இருந்தால்தான் பிணை என்பதும் அதன் குறைதான். படகு, எஞ்சின் போன்ற அசையும் சொத்தைப் பிணையாக ஏற்க வழிசெய்யும் சட்டம் 2009இலேயே நிறைவேறிவிட்டது.

கூட்டுறவுக்கும் கிராமக் கடனுக்கும் என்றே 1961இல் தொடங்கப்பட்டது மக்கள் வங்கி. அந்த நோக்கத்தை அது இன்று இந்தக் கரையில் காட்டட்டும். பதிவுசெய்த படகைப் பிணையாக ஏற்கட்டும். தவணையைத் தொழில் நடக்கும் மாதங்களோடு பொருத்தட்டும். முதலாளியின் முற்பணத்தை அடைத்து மீள்வதற்குக் கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் வழியாகக் கடன் கொடுக்கட்டும். கடற்றொழிலுக்கு மாவட்டவாரியாக எவ்வளவு கடன் போனது என்பதை மத்திய வங்கி ஒவ்வொரு வீத அறிவிப்போடும் சேர்த்து வெளியிடட்டும். இந்தக் கரையில் யார் கைக்கும் போய்ச் சேராத வட்டிக் குறைப்பை வளர்ச்சி என்று சொல்ல எவருக்கும் உரிமையில்லை.