கோமாளி மட்டும் பேசிய அரசவை

விகடகவி என்றதும் நமக்குத் தெனாலிராமன்தான் நினைவுக்கு வருவார். அவருக்கும் ஏறக்குறைய 1,700 ஆண்டுகளுக்கு முன்பே சீன அரசவையில் யூ ஜான் என்றொருவர் இருந்தார். உருவத்தில் குள்ளர், வாக்கில் வல்லவர். சீமா சியென் என்ற பழம்பெரும் வரலாற்றாசிரியர் இத்தகையோருக்கென்றே தமது நூலில் ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறார்.

சின் வம்சத்தின் இரண்டாம் பேரரசர் (கி.மு. 210–207) நகர மதிலுக்கு அரக்குப் பூச ஆசைப்பட்டார். யூ ஜான் மறுக்கவில்லை. பேஷான யோசனை என்றார். பளபளக்கும் மதிலில் எதிரி ஏற முடியாதே என்று பாராட்டினார். பூசுவது எளிது, ஆனால் அரக்கு உலர மதில் முழுவதையும் மூடி ஒரு கொட்டகை கட்ட வேண்டுமே, அதுதான் சிரமம் என்று முடித்தார். பேரரசர் சிரித்துவிட்டுத் திட்டத்தைக் கைவிட்டார். மரப்பாலிலிருந்து செய்யும் சீன அரக்கு, ஈரப்பதமுள்ள மூடிய இடத்தில்தான் நன்றாக இறுகும். ஆகவே, அந்த வேடிக்கைப் பேச்சுக்குள் சரியான தொழில்நுட்ப ஆட்சேபம் ஒன்று இருந்தது. பொறியாளன் என்ற முறையில் அதை நான் மிகவும் ரசிக்கிறேன்.

அதே அவையில் நடந்த இன்னொரு நிகழ்ச்சியையும் சீமா சியென் எழுதியிருக்கிறார். கி.மு. 207-இல் ஜாவ் காவ் என்ற அமைச்சர் பேரரசர் முன் ஒரு மானைக் கொண்டுவந்து நிறுத்தி, குதிரை என்றார். அதிகாரிகளில் சிலர் வாய் திறக்கவில்லை. சிலர் குதிரை என்றே ஒத்துப் பாடினர். மான் என்று சொன்னவர்கள் பின்னர் தண்டிக்கப்பட்டனர். அவ்வாண்டே பேரரசர் உயிரிழந்தார். வம்சமும் அத்துடன் ஏறக்குறைய முடிந்தது.

விகடகவியின் துணிச்சலை நாம் புகழ்கிறோம், புகழத்தான் வேண்டும். ஆனால் அவரது உரிமை அரசனின் சிரிப்பை நம்பியது. அரசன் சிரிக்காத நாளில் அது செல்லாது. கோமாளி மட்டுமே உண்மை பேசக்கூடிய அவை, ஏற்கெனவே ஆட்டம் கண்ட அவை என்பதே என் கருத்து.

நான் பணியாற்றிய ரயில்வேயில் வேறு ஏற்பாடு. தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே நடந்து வரும் கீமேன், ஆபத்தைக் கண்டால் சிவப்புக் கொடி காட்டி எந்த எக்ஸ்பிரஸையும் நிறுத்தலாம். அவர் யாரையும் சிரிக்க வைக்க வேண்டியதில்லை. விதி அவர் பக்கம் இருக்கிறது.

நம் வீடுகளிலும் இதைச் சற்று யோசிக்கலாம். பிள்ளைகள் நேராகச் சொன்னால் "எதிர்த்துப் பேசாதே" என்கிறோம். அதையே வேடிக்கையாகச் சொன்னால் சிரித்துக்கொண்டே ஏற்கிறோம். சங்கக் கூட்டங்களிலும் இதே கதைதான். நேராகச் சொல்வதையும் காது கொடுத்துக் கேட்போமே! மானை மான் என்று சொல்ல யாரும் கோமாளி வேடம் போட வேண்டியிருக்கக் கூடாது.